முதலில் இழை, அப்புறம் கட்டம், கடைசியில்தான் கலர்: செட்டிநாட்டு வெயிலுக்கேற்ற பழைய பாணி ஆண் உடை

பழைய பாணியில் உடுத்த ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கலரில் தொடங்குகிறார்கள். கருநீலக் கோட்டுக்கு என்ன சட்டை, அரக்கு டைக்கு என்ன பேன்ட் என்று விசாரித்து விசாரித்து வாங்குகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கலர் பொருந்தியிருக்கும், ஆனால் உடை பொருந்தியிருக்காது. காரணம் துணியின் இழை. மினுமினுக்கிற பாலியெஸ்டர் கோட்டு, சொரசொரப்பான கதர் வேட்டி, வழுவழுப்பான சாட்டின் டை மூன்றும் ஒரே கலரில் இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. இழை ஒத்துப்போனால் கலரில் கொஞ்சம் பிசகினாலும் உடை நிற்கும். இழை தவறினால் எந்தக் கலரும் அதைக் காப்பாற்றாது.

செட்டிநாட்டில் இது இன்னும் முக்கியம். ஆங்கிலப் பாணியின் இழை விளையாட்டு முழுக்கக் கம்பளியை நம்பியது. ட்வீட் கோட்டு, ஃபிளானல் பேன்ட், கம்பளி டை எல்லாம் குளிர்நாட்டுச் சமாச்சாரம். சதுர மீட்டருக்கு 400 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்வீட்டைச் சித்திரையில் காரைக்குடியில் போட்டு நிற்க முடியாது. அதை அப்படியே காப்பியடிக்கப் பார்த்து, மெல்லிய பாலியெஸ்டரில் ட்வீட் மாதிரி அச்சடித்த துணியை வாங்குகிறவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். அதில் இழையும் இல்லை, காற்றும் புகாது.

நம் பக்கம் அந்த இடத்தை நிரப்ப வேறு துணிகள் இருக்கின்றன. ட்வீட்டின் இடத்தில் தடித்த கைநூற்புக் கதர் அல்லது மட்கா பட்டு. மட்கா என்பது பட்டுக்கூட்டுக் கழிவிலிருந்து நூற்ற, ஒரே சீராக இல்லாத நூலில் நெய்தது. பட்டாக இருந்தும் பளபளக்காது. ஃபிளானல் பேன்ட்டின் இடத்தில் 250 கிராம் எடையுள்ள காட்டன் டிரில். கம்பளி டையின் இடத்தில் டஸ்ஸர் பட்டு டை, அல்லது பின்னல் போட்ட காட்டன் டை. கோடைக் கோட்டுக்குச் சீர்சக்கர் (seersucker) என்ற காட்டன் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. அதில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, கோடு விட்டுக் கோடு தளர்த்தியும் இறுக்கியும் நெய்வார்கள். தளர்ந்த கோடு சுருங்கிப் புடைத்து நிற்கும். அதனால் துணி உடம்பில் ஒட்டாமல் காற்று நடுவே ஓடும், இஸ்திரியும் வேண்டியதில்லை. மார்கழி, தையில் மட்டும் 250 கிராம் அளவிலான முறுக்கு நூல் கம்பளிக் கோட்டை மாலை நேரத்துக்கு எடுக்கலாம்.

துணிக்கடையில் இழையைப் பார்க்கக் கண்ணைவிட விரல் நல்லது. நகத்தின் முதுகால் துணியைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் மென்மை, லேசாகத் தடுத்தால் நடுத்தரம், சரசரவென்று சத்தம் வந்தால் சொரசொரப்பு. ஒரு உடையில் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வகை இருக்க வேண்டும். எல்லாமே சொரசொரப்பாக இருந்தால் சாக்கு கட்டிய மாதிரி ஆகிவிடும். எல்லாமே வழுவழுப்பாக இருந்தால் மேடைக் கச்சேரி உடை ஆகிவிடும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு: பளபளப்பு ஒரே ஒரு இடத்தில்தான். பட்டு வேட்டியின் சரிகைக் கரை பளபளக்கிறதா, அதோடு சரி. மேலே வருகிற சட்டையும் கோட்டும் மங்கல் துணியில் இருக்கட்டும். பட்டு வேட்டிக்கு மேட்ச் என்று விற்கிற மினுக்குச் சட்டையைப் போட்டால் சரிகையின் அழகே போய்விடுகிறது. வேட்டிக்குக் கொடுத்த காசு வீண். அதே வேட்டிக்கு மேல் சாம்பல் கதரில் மூடிய கழுத்துக் கோட்டு போட்டுப் பாருங்கள், ஒன்றரை இஞ்ச் கரை தனியாகத் தெரியும்.

பழைய வீடுகளின் சுவரில் தொங்கும் படங்களில் இந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. மூடிய கழுத்துக் கோட்டு, தோளில் மடித்த அங்கவஸ்திரம், கீழே வேட்டி. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கலர் நமக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் கோட்டின் மங்கலும் அங்கவஸ்திரக் கரையின் மினுக்கும் வேட்டியின் மடிப்பும்தான். அப்படியும் உடை நன்றாக இருக்கிறது.

கட்டமும் கோடும்

இரண்டு டிசைனைச் சேர்க்கும்போது பார்க்க வேண்டியது அளவு. ஒரே வகை டிசைன் இரண்டு சேர்ந்தால் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்காவது பெரிதாக இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் பொடிக் கட்டச் சட்டைக்கு மேல் 4, 5 சென்டிமீட்டர் ஜன்னல் கட்டக் கோட்டு போடலாம். இரண்டுமே 1 சென்டிமீட்டர் கட்டமாக இருந்தால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வகை மாறினால், அதாவது கோடு போட்ட சட்டையோடு புள்ளி டை என்றால், அளவு கொஞ்சம் நெருங்கினாலும் பாதகமில்லை. மூன்று டிசைன் சேர்க்க முடியும். 1930களில் வேல்ஸ் இளவரசராக இருந்து, பிறகு பிரிட்டன் மன்னரான எட்டாம் எட்வர்ட் கட்டத்தோடு கோடு, அதோடு டிசைன் டை என்று போட்டுப் பேர்பெற்றவர். ஆனால் மூன்றாவதைச் சேர்க்கும்போது குறைந்தது ஒன்று, தள்ளி நின்று பார்த்தால் வெறும் துணி மாதிரித் தெரிகிற பொடி டிசைனாக இருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் (இந்தப் பக்கத்துப் பூ டைல்ஸ்) பதித்த கூடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் பெரிய பூ, ஓரத்தில் சின்ன வடிவம் ஓடும் பார்டர், இடையே ஒரு கலரில் வெறும் கல். அந்த வெறும் கல் இல்லாவிட்டால் பூ தெரியாது. உடையிலும் அப்படி ஒரு வெறும் இடம் வேண்டும். பெரும்பாலும் அது பேன்ட் அல்லது வேட்டி.

வெறும் துணி அலுக்கிறது, டிசைனுக்கும் தைரியம் இல்லை என்றால் பாவு ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலராக நெய்த துணி எடுங்கள். மயில்கழுத்துக் கலர் சேலையில் நடப்பதுதான் இதிலும். நேரே பார்த்தால் ஒரு கலர், அசையும்போது இன்னொரு கலர். வெஸ்ட்கோட்டுக்கு இது அருமையாக அமையும்.

கண்டாங்கிக் கட்டம் இந்த ஊரின் சொத்து. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, அரக்கு, கறுப்பு என்ற அதன் கலர்கள் கருத்த மேனிக்கு மிக எடுப்பு. ஆனால் சேலைக் கட்டம் பெரிது. அதை அப்படியே முழுச் சட்டையாகத் தைத்தால் உடம்பு அகலமாகத் தெரியும். வெஸ்ட்கோட்டின் முன்பாகத்துக்கு அது சரியான அளவு. மேலே கோட்டு வரும்போது கட்டத்தின் ஒரு பட்டை மட்டும் தெரியும். வெஸ்ட்கோட்டுக்கு முக்கால் மீட்டர் போதும். முதுகுப் பக்கம் மல்மல் (மெல்லிய மஸ்லின்) அல்லது மெல்லிய பாப்ளின் கொடுங்கள். முதுகுதான் முதலில் வேர்க்கும். அகலக் கரையை முன்பாகத்தில் வைக்கச் சொல்லாதீர்கள். வெஸ்ட்கோட்டின் கீழ்முனை கூராக இறங்கும். நேராக ஓடுகிற கரை அங்கே வெட்டுப்பட்டு அசிங்கமாகும். கரையை உள்பட்டிக்கும் பாக்கெட் ஸ்கொயருக்கும் (கோட்டுப் பாக்கெட்டில் செருகும் கைக்குட்டை) வைத்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் இருக்கும் பழைய கண்டாங்கியை வெட்டுவது பாவம். மடிப்பில் கிழிந்துபோனதை மட்டும் கத்தரிக்கோலுக்குக் கொடுங்கள்.

மெட்ராஸ் செக் என்று உலகம் சொல்கிற கட்டமும் நம் கடற்கரைத் தறிகளில் இருந்து போனதுதான். 1960களில் அமெரிக்காவில் சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி அதை விற்றார்கள். துவைக்கத் துவைக்கக் கலர்கள் ஒன்றில் ஒன்று கலந்து மங்கும். நம் ஊரில் அந்தச் சட்டையைப் போடும்போது லுங்கித் துணியோ என்ற பேச்சு வரும். அது வராமலிருக்க வழி உண்டு. கட்டம் ஒரு இஞ்சுக்குள் இருக்கட்டும், நான்கு கலராவது கலந்திருக்கட்டும், காலர் விறைப்பில்லாமல் மெத்தென்று மடியட்டும், கீழே வெளுக்காத கோரா அல்லது காக்கியில் வெறும் பேன்ட் வரட்டும்.

டெய்லரிடம் கட்டத் துணி கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை உண்டு. 36 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள கைத்தறியில் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் ஆகும். கட்டம் பொருத்த இன்னும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக எடுங்கள். 58 இஞ்ச் பன்னாவில் சட்டைக்கு 1.6, பேன்ட்டுக்கு 1.3, கோட்டுக்கு 2 மீட்டர். தைக்கக் கொடுக்கும் முன் கைத்தறியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் சுருங்கும். கதர் இன்னும் கூட. ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிடும்.

கைத்தறிக் கட்டம் மில் கட்டம் போல அச்சுப் பிசகாமல் இருக்காது. ஊடையை அடிக்கிற கை ஒரு நேரம் அழுத்தும், ஒரு நேரம் தளரும். அதனால் ஒரு கட்டம் இன்னொன்றைவிட ஓரிரு மில்லிமீட்டர் நீளும். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டமும் சேரவேண்டும் என்று டெய்லரைப் படுத்தினால் துணி இழுபட்டுத் தையல் சுருங்கும். நெஞ்சில் வருகிற இரண்டாவது பட்டனில் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மிச்சப் பிசகு கீழே போய் பேன்ட்டுக்குள் மறைந்துவிடும். நெஞ்சுப் பாக்கெட் கட்டத்தோடு ஒன்றிப்போக வேண்டும். முடியாது என்று சொன்னால் பாக்கெட்டையும் தோளில் வரும் யோக் துண்டையும் 45 டிகிரி சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்தது என்று தெரிகிற சாய்வு, அரைகுறைப் பொருத்தத்தைவிட எவ்வளவோ மேல்.

கல்யாணத்துக்கு உடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நெருக்கமான பொடிக் கோடும் மிகச் சின்னக் கட்டமும் வீடியோவில் நெளியும். கேமராவின் புள்ளிகளும் துணியின் கோடுகளும் மோதுவதால் வருவது அது. பிறகு எடிட்டிங்கில் எடுப்பது கஷ்டம். தைக்கும் முன் துணியை விரித்துப் போன் வீடியோவில் ஆறடி தள்ளி எடுத்துப் பாருங்கள். நெளிந்தால் மணமகனுக்கு அது வேண்டாம்.

வெள்ளையில்தான் அதிகம் தப்பு நடக்கிறது

கலரில் பெரிய பிரச்சினை பச்சையும் சிவப்பும் அல்ல, வெள்ளை. சலவைக்குப் போய்ச் சொட்டு நீலம் பட்டு வந்த காட்டன் வேட்டி ஒரு வெள்ளை. அதில் நீலம் ஓடும். வெளுக்காத கோரா ஒரு வெள்ளை. அதில் மஞ்சள் ஓடும். பட்டு வேட்டி சந்தனத்தின் பக்கம் சாய்ந்த இன்னொரு வெள்ளை. நீலம் போட்ட வேட்டிக்கு மேல் கோரா லினன் கோட்டு போட்டால் கோட்டு அழுக்காகத் தெரியும். அது எவ்வளவு விலையுள்ள லினனாக இருந்தாலும் சரி. பட்டு வேட்டிக்கு மேல் பளீர் வெள்ளைச் சட்டை போட்டால் வேட்டி பழசாகத் தெரியும். ஒரே வெள்ளையில் நில்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்றை முழுதாகக் கலருக்கு மாற்றுங்கள். கோரா கோட்டைச் சலவைக்குப் போடும்போது நீலம் வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை நீலம் ஏறிவிட்டால் கோரா திரும்பி வருவது அரிது.

மற்ற கலருக்கு எளிய வழி, இருக்கிற துணியிலிருந்தே கலரை எடுப்பது. கோட்டுக் கட்டத்தில் மெல்லிய அரக்கு நூல் ஓடுகிறதா, வேட்டிக் கரையோ டையோ அரக்கில் வரட்டும். கலர் மூன்றைத் தாண்டினால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். வெள்ளையும் கோராவும் இந்தக் கணக்கில் சேராது. அரக்கு, பாக்குக் கலர், பாசிப்பச்சை, கருநீலம் இந்த நான்கையும் எப்படி மாற்றிப் போட்டாலும் சண்டை வராது. எம்.எஸ். புளூவும் வாடாமல்லியும் தனியாக அழகு; அவற்றை டை, பாக்கெட் ஸ்கொயர் அளவோடு நிறுத்துவது நல்லது.

கலர் பொருந்துகிறதா என்று பார்க்கும் முன் அடர்த்தி பொருந்துகிறதா என்று பாருங்கள். எல்லாத் துணியையும் கட்டிலில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். கோட்டும் சட்டையும் ஒரே சாம்பலாக வந்தால், கலரில் எவ்வளவு வேறாக இருந்தாலும் போட்டபிறகு சப்பென்று இருக்கும். வெளிர், நடு, அடர் என்று மூன்று படி வரவேண்டும். துணியைக் கடை விளக்கில் மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். எல்.ஈ.டி. வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். மேலே திறந்த வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) பகல் வெளிச்சத்தில் வந்து நின்றதும் கோட்டு வேறு, பேன்ட் வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கிறேன் என்றால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

வடிவம், செருப்பு, வேர்வை

துணி எந்தக் காலத்தினதாகவும் இருக்கலாம், வெட்டு ஒரே காலத்தினதாக இருக்க வேண்டும். 1930, 40களின் வெட்டு என்றால் பேன்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும், கோட்டின் லேபல் (நெஞ்சில் மடிந்து நிற்கும் பட்டை) மூன்றரை முதல் நாலு இஞ்ச், டையும் ஏறக்குறைய அந்த அகலம். 1960கள் என்றால் லேபல், டை இரண்டும் இரண்டு, இரண்டரை இஞ்சுக்கு மெலியும். 1970கள் என்றால் நீண்ட காலர், பெல்பாட்டம். நாற்பதுகளின் பேன்ட்டுக்கு மேல் எழுபதுகளின் காலர் வந்தால் நாடக உடை ஆகிவிடும். டையின் அகலம் லேபலின் அகலத்தோடு நெருங்கி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பேன்ட்டின் நீளத்தை வெறுங்காலில் நின்று அளக்கச் சொல்லுங்கள். கோயிலானாலும் கல்யாண வீடானாலும் செருப்பு வாசலோடு நின்றுவிடும். ஷூவோடு அளந்த அகலப் பேன்ட், ஷூவைக் கழற்றியதும் தரையில் இழுபட்டு ஓரம் கறுத்துவிடும். கணுக்கால் எலும்பின் கீழ்விளிம்பில் நிறுத்தி, ஒன்றரை இஞ்ச் மடிப்பு வைத்தால் ஷூவோடும் ஷூ இல்லாமலும் சரியாக இருக்கும். கயிறு கட்டும் ஷூ இங்கே தொல்லைதான். லோஃபர் அல்லது தோல் செருப்பு போதும். செம்மண் தூசி கறுப்புத் தோலில் உடனே தெரியும், பாக்குக் கலர்த் தோலில் தெரியாது. சாக்ஸ் போட்டால் பேன்ட்டின் கலரில் போடுங்கள். வீட்டுக்குள் மற்றவர்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

கோட்டுக்குப் பாலியெஸ்டர் லைனிங் வேண்டாம். முதுகில் தோள்பட்டைவரை மட்டும் மல்மல் லைனிங், கைக்குள் மட்டும் வழுக்குகிற துணி என்று சொல்லுங்கள். கை சிக்காமல் நுழையும். காலருக்கும் நெஞ்சுக்கும் உள்ளே விறைப்புக்கு ஒட்டுக் கேன்வாஸ் வைத்தால் சில சலவையில் குமிழ் விடும். தையல் போட்ட கேன்வாஸுக்குக் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. வேட்டிக்கு மேல் போடுகிற கோட்டு வழக்கத்தைவிட ஒரு இஞ்ச் நீளமாக இருக்கட்டும், வேட்டியின் இடுப்புச் சுற்று முன்பக்கம் புடைத்துத் தெரியாது. பட்டுக்கோ டஸ்ஸருக்கோ அக்குளில் காட்டன் பட்டை வைத்துத் தைக்கவேண்டும். வேர்வை உப்பு பட்டால் பட்டு அங்கேதான் முதலில் விடும்.

இதையெல்லாம் சேர்த்துக் காரைக்குடியில் ஒரு காலைக் கல்யாணத்துக்கு உடுத்தினால் இப்படி வரும். பாக்குக் கலர்த் தடித்த கதரில் அரை லைனிங் கோட்டு. உள்ளே அரக்கும் கறுப்பும் கலந்த கண்டாங்கி வெஸ்ட்கோட்டு. அதற்கடியில் கோராவில் மெல்லிய பாப்ளின் சட்டை, டிசைன் கிடையாது. டை வேண்டுமென்றால் பாக்குக் கலர் டஸ்ஸர். கீழே கோரா டிரில் பேன்ட். சொரசொரப்பு கோட்டில், மென்மை சட்டையில், டிசைன் வெஸ்ட்கோட்டில் மட்டும், பளபளப்பு டையில் மட்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டாலும் வெஸ்ட்கோட்டோடு உடை முழுமையாக நிற்கும். வேட்டியோடு போடுவதானால் வெஸ்ட்கோட்டும் டையும் வேண்டாம். மூடிய கழுத்துக் கோட்டும், நாலு இஞ்சாக மடித்த அங்கவஸ்திரமும் போதும். அங்கவஸ்திரக் கரையும் வேட்டிக் கரையும் ஒரே ஜோடியாக இருக்கவேண்டும்.

பெட்டியில் கிடக்கும் தாத்தா காலத்துத் துணியை எடுக்கிறவர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோட்டைப் பாருங்கள். அங்கே நூல் மெலிந்து வெளிச்சம் ஊசிப்புள்ளியாக வந்தால் அந்தத் துணி கோட்டாகத் தாங்காது, டையாகவோ பாக்கெட் ஸ்கொயராகவோ பிழைக்கும். சாயம் போகுமா என்று தெரிய, நனைத்த வெள்ளைத் துணியால் உள்மடிப்பில் அரை நிமிஷம் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், பூந்திக்கொட்டை போட்டு அலசவேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாயம் ஏற்றி முடித்த துணியில் உப்பு அதைப் பிடித்துவைக்காது. தளர்ந்த சாயம் போய்த் தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. அடர்கலர்க் காட்டனை நேராக இஸ்திரி போட்டால் பளபளப்பு விழும். உள்பக்கம் திருப்பியோ, ஈரத் துணி மேலே போட்டோ தேயுங்கள். சரிகையுள்ளதைப் பழைய மல்மலில் சுற்றி, வசம்பு போட்டு வைக்கலாம். நாப்தலின் உருண்டை சரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, முன்பு மடித்த கோட்டிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து வையுங்கள்.